பெயரிட்ட ஓவியமும் பெயர் மறைந்த முகங்களும்

திருச்சபை வரலாற்று நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படும் ஓர் ஓவியம் உண்டு. 1843ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள், எடின்பரோ நகரின் டான்ஃபீல்டு மண்டபத்தில் ஸ்காட்லாந்து சுயாதீன சபையின் முதற் பொதுச்சங்கம் கூடியிருக்க, அரசு சார்ந்த சபையை விட்டு வெளியேறிய போதகர்கள் தங்கள் பதவித் துறப்புப் பத்திரத்தில் கையொப்பமிடும் காட்சியை அது சித்தரிக்கிறது. 11 அடிக்கு மேற்பட்ட நீளமுள்ள அவ்வோவியத்தில் ஏறத்தாழ 450 முகங்கள் நெருக்கமாக வரையப்பட்டுள்ளன. இன்னார் இவர் என்று காட்டும் பெயர்க்குறிப்பும் அதற்கு உண்டு. ஆகவே, அந்நாளில் அம்மண்டபத்தில் யார் யார் இருந்தனர், அவர்கள் முகம் எவ்வாறிருந்தது என்னும் கேள்விகளுக்கு இவ்வோவியமே முடிவான சான்று என்று கொள்வோர் பலர். நமது கருத்து அதுவன்று. இவ்வோவியத்திற்குத் துணையாக எடுக்கப்பட்ட சிறு தாள் நிழற்படங்களே மேலான சான்று. ஆனால் அவற்றுக்கு நாளும் பெயரும் குறிப்பது எளிதான வேலையன்று என்பதையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

நிகழ்ச்சியின் பின்னணியை இறையியல் மாணவர் அறிவர். சபையார் விருப்பத்திற்கு மாறாகவும் நிலக்கிழார்கள் தம் மனம்போலப் போதகரை நியமிக்கும் உரிமையை எதிர்த்து எழுந்த நீண்ட போராட்டத்தின் முடிவில், 1843 மே 18 அன்று, அரசு சார்ந்த பொதுச்சங்கத்தின் தலைவர் டேவிட் வெல்ஷ் எதிர்ப்புரையை வாசித்துவிட்டு, புனித அந்திரேயா ஆலயத்தினின்று வெளிநடந்தார். நூற்றுக்கணக்கானோர் அவர் பின்சென்று டான்ஃபீல்டு மண்டபத்தில் கூடித் தாமஸ் சால்மர்ஸைத் தலைவராகத் தெரிந்துகொண்டனர். நானூற்றுக்கும் மேற்பட்ட போதகர்கள் வீடும் ஊதியமும் இழந்தனர். இந்தியாவிலிருந்த அச்சபையின் அருட்பணியாளர்கள் அனைவரும் சுயாதீன சபையோடு சேர்ந்துகொண்டமையால், 1837இல் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய பள்ளியும் அதன் பின் அப்புதிய சபையின் பணியாயிற்று. பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அப்பள்ளியே. ஆதலால் இவ்வோவியம் நமக்கு முற்றிலும் அந்நியமான படமன்று.

ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் (1802–1870) இயற்கைக் காட்சிகள் தீட்டுவதில் பெயர்பெற்றவர். உருவப்படத்தில் அத்துணைப் பயிற்சியுடையவரல்லர். நூற்றுக்கணக்கான முகங்களை ஒவ்வொன்றாக வரைந்தெடுப்பதற்குள் போதகர்கள் தத்தம் ஊர் திரும்பிவிடுவர். அப்போது செயின்ட் ஆண்ட்ரூஸ் கல்லூரித் தலைவரும் ஒளியியல் அறிஞருமான சர் டேவிட் புரூஸ்டர், புதிய நிழற்பட முறையைக் கையாளுமாறு அவருக்கு யோசனை கூறி, ராபர்ட் ஆடம்சன் என்னும் 22 வயது இளைஞரை அறிமுகஞ்செய்தார். ஆடம்சன் பொறியாளராக விரும்பி, உடல்நலம் இடந்தராமையால் இத்தொழிலுக்கு வந்தவர். அதே 1843 மே மாதத்தில்தான் எடின்பரோவின் கால்ட்டன் குன்றின்மேலுள்ள 'ராக் ஹவுஸ்' என்னும் வீட்டில் அவர் தம் நிலையத்தைத் தொடங்கியிருந்தார். இருவரும் ஐந்தாண்டுகூட நிறையாத காலத்தில் ஏறக்குறைய 3,000 படங்கள் எடுத்தனர். 1848 ஜனவரியில், 26ஆம் வயதில், ஆடம்சன் மரித்தார். ஹில்லின் ஓவியமோ 1866இல்தான் முடிவுற்றது.

காலவரையறைக்கு முதற்படி, படம் எவ்வாறு உண்டாயிற்று என்று அறிவதே. டால்பட் கண்டுபிடித்த இம்முறைக்குக் கலோடைப் என்று பெயர். 1841இல் அவர் பெற்ற காப்புரிமை இங்கிலாந்தில் செல்லும், ஸ்காட்லாந்தில் செல்லாது. ஆடம்சன் தடையின்றித் தொழில் நடத்தியது இதனால்தான். வெள்ளி அயோடைடு பூசிய நல்ல எழுதுதாளை, காலிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் கலந்த கரைசலால் ஒளியுணரச் செய்து காமிராவில் வைப்பர். வெயிலில் அமர்ந்திருப்பவர் ஒரு நிமிடமோ அதற்கு மேலோ அசையாதிருக்க வேண்டும். இவ்வாறு கிடைப்பது இருளும் ஒளியும் தலைமாறிய எதிர்ப்படம். உப்புநீரில் தோய்த்து வெள்ளி நைட்ரேட்டு பூசிய வேறொரு தாளின்மேல் அதை வைத்து வெயிலிற் காட்டினால் நேர்ப்படம் உண்டாகும்.

எதிர்ப்படம் ஒன்று, அதிலிருந்து வரும் நேர்ப்படங்கள் பல. எதிர்ப்படத்தின் நாள் வேறு, நேர்ப்படத்தின் நாள் வேறு. மூலபாட ஆய்வு பயின்றவர்க்கு இது புதிதன்று. நூல் எழுதப்பட்ட காலத்தையும் பிரதி எழுதப்பட்ட காலத்தையும் நாம் ஒன்றாகக் கொள்வதில்லை. ஹில்–ஆடம்சன் எதிர்ப்படங்கள் கிளாஸ்கோவின் ஆனன் குடும்பத்தாரால் 1890களில் செப்புத்தகட்டு அச்சாக மீண்டும் வெளியிடப்பட்டன. நியூயார்க்கின் 'காமிரா வொர்க்' இதழில் 1905இல் வந்தவையும் ஆனன் அச்சுகளே. நம்மிற் பலர் நூல்களிற் காணும் கூர்மையும் கருமையும் அந்த அச்சுகளுக்குரியவை. ஆடம்சன் கையால் வந்த உப்புத்தாள் படம் செம்பழுப்பு நிறமுடையது; தாளின் நார் தெரிய, விளிம்புகள் மங்கித் தோன்றும். தாளில் ஆண்டு குறித்த நீர்க்குறி இருப்பின், படம் அந்த ஆண்டிற்கு முந்தியதன்று என்பது மட்டும் உறுதி. எத்தனை ஆண்டு பிந்தியது என்பதை நீர்க்குறி சொல்லாது. எதிர்ப்படமும் தாளாதலின், அதைப் புறம் மாற்றி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகும். ஆடவர் அங்கியின் பொத்தான் எப்பக்கம் பூட்டியிருக்கிறது என்று பார்ப்போர் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

படத்தின் வடிவமே நாளைச் சொல்லும் இடங்களும் உண்டு. நாமறிந்த ஒரு சபையின் நூற்றாண்டு மலரில், 1840களிலேயே காலஞ்சென்ற ஓர் அருட்பணியாளரின் பெயரோடு ஒரு சிற்றட்டைப் படம் வெளியாயிற்று. அவ்வகை அட்டைப்படத்திற்குப் பாரிஸ் நகரில் டிஸ்டெரி என்பார் உரிமம் பெற்றது 1854இல். அது உலகெங்கும் பரவியது 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில். பழைய படமொன்றைப் பார்த்து மறுபடம் எடுத்திருக்கலாமே எனின், திரைச்சீலையின் முன் நேராக நிறுத்தி எடுத்த படம் என்பது அதில் தெளிவாகவே தெரிந்தது. அந்த மனிதர் யாராயினும் ஆகுக, மலர் சொன்னவர் அல்லர். மலரோ ஆயிரம் வீடுகளுக்குச் சென்றுவிட்டது.

ஹில்–ஆடம்சன் படங்களுக்கு வருவோம். எல்லைகள் இரண்டும் தெளிவானவை: 1843 மே மாதத்திற்கு முந்தியது எதுவுமில்லை, ஆடம்சனின் மறைவிற்குப் பிந்தியதும் எதுவுமில்லை. இவ்வெல்லைக்குள் மேலும் நெருங்குவதற்கு மனிதர் வாழ்வும் ஊரின் மாற்றமும் உதவுகின்றன. டேவிட் வெல்ஷ் 1845 ஏப்ரலில் மரித்தார். எனவே அவர் படம் அதற்கு முந்தியது. சால்மர்ஸ் மரித்தது 1847 மே மாதத்தின் முடிவில். வடஅமெரிக்க ஒஜிப்வே இனத்தாரில் ஒருவரும் மெதடிஸ்டு ஊழியருமான பீட்டர் ஜோன்ஸ், தம் இனத்தார் வழங்கிய பெயரால் கஹ்கேவாகுவோனாபி, 1845இல் ஸ்காட்லாந்து வந்தார். ஆகவே அவர் படங்களுக்கு ஆண்டு கிடைத்துவிடுகிறது. அவ்வினத்தாரைக் காட்டும் நிழற்படங்களில் எஞ்சியவற்றுள் மிகப் பழையவை அவையே என்று கருதப்படுகிறது. நகர்க் காட்சிகளில் ஸ்காட் நினைவுச்சின்னம் நாட்காட்டியாகவே பயன்படுகிறது. 1840இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1844இன் பிற்பகுதியில் கோபுரம் முற்றுப்பெற்று, 1846 ஆகஸ்டில் சிலையோடு திறந்துவைக்கப்பட்ட அச்சின்னம் எந்த அளவு உயர்ந்து நிற்கிறது, சாரம் கட்டியிருக்கிறதா, என்று நோக்கினால் படத்தின் பருவம் ஏறக்குறையப் புலப்படும்.

இந்திய வாசகர்க்கு மிக நெருக்கமானது தன்ஜிபாய் நவ்ரோஜியின் படம். 1822இல் பிறந்த இப்பார்சி இளைஞர், 1839இல் பம்பாயில் ஜான் வில்சனிடம் ஞானஸ்நானம் பெற்றவர். 1843இல் வில்சனோடு புறப்பட்டு, அந்த ஆண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து சேர்ந்து, அங்கே இறையியல் கற்று, 1846இல் குருப்பட்டம் பெற்று, 1847இல் தாயகம் திரும்பினார். அவர் அங்கிருந்த ஆண்டுகளே அவர் படத்திற்கும் எல்லை. இப்படம் 'அருட்திரு' என்னும் அடைமொழியோடு வழங்கி வருகிறது. அதைக் கொண்டு படம் 1846க்குப் பிந்தியது என்று முடிவு கட்டலாமா? கூடாது என்பதே நம் முடிவு. அடைமொழி, தலைப்பெழுதியவர் காலத்தைக் காட்டுமேயன்றி, அவர் காமிராவின்முன் அமர்ந்த நாளைக் காட்டாது. சங்கீதங்களின் தலைப்புகளைப் பற்றி நம் வகுப்புகளில் நாம் எத்துணை எச்சரிக்கையோடு பேசுகிறோம்! அதே எச்சரிக்கை படத்தின் கீழெழுதிய பென்சில் எழுத்திற்கும் வேண்டும்.

படத்தினுள் காணும் பொருள்களை நம்பி நாள் குறிப்பதும் இடறலுக்கிடமாகும். ஒரே நாற்காலி, ஒரே புத்தகங்கள், ஒரே வாயிற்படி பல படங்களில் வருகின்றன. இவை ராக் ஹவுஸ் முற்றத்திற்குரியவை என்பதற்குமேல் எதையும் மெய்ப்பிக்கமாட்டா. ஹியூ மில்லரின் புகழ்பெற்ற படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. சட்டைக்கையை மடித்து, கொட்டாப்புளி ஏந்தி, கல்லறைக் கல்லின் அருகே நிற்கும் கற்கொத்தராக அவர் அதிற் காணப்படுகிறார். இளமையில் அத்தொழில் செய்தவரே அவர். ஆனால் 1830களின் நடுவிலேயே அதை விட்டு வங்கி வேலைக்குச் சென்றார். 1840 முதல் 'விட்னெஸ்' இதழின் ஆசிரியராய் அமர்ந்து, சுயாதீன சபையின் கொள்கைகளுக்காக எழுதிவந்தார். உடையையும் கருவியையும் மட்டும் கண்டு நாள் சொல்வோர் மனிதரின் நிழற்படமே இல்லாத 1820களுக்குப் போய்ச் சேருவர்! ஹில் ஓவியர், ஒருவரை அவர் எவ்வாறு நினைக்கப்பட வேண்டுமோ அவ்வாறு நிறுத்தத் தெரிந்தவர். மில்லரும் அதற்கு மனமொப்பி நின்றிருக்கிறார் என்பது அம்முகத்தின் பெருமிதத்திலிருந்தே விளங்குகிறது.

இனி, பெயர்களைப் பற்றி. போதகர்களின் படங்களை அடையாளங்காண ஓவியத்தின் பெயர்க்குறிப்பைத் துணைக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஹில்லே ஓவியத்தைத் தீட்டியவராதலால் அக்குறிப்பிற்கு மதிப்புண்டு. அதை நாம் மறுக்கவில்லை. எனினும் முறையை நோக்குக. ஓவியத்திலுள்ள முகம் நிழற்படத்தைப் பார்த்து வரையப்பட்டது. பின்னர் பெயரற்ற நிழற்படம் ஒன்று கிடைக்கையில், ஓவியத்தில் அதுபோன்ற முகத்தைத் தேடிப் பெயர் சூட்டுகிறோம். அதன்பின் அப்பெயரிட்ட நிழற்படத்தைக் காட்டி, ஓவியம் எத்துணை உண்மையானது என்று வியக்கிறோம். சான்று தன்னைத்தானே சுற்றிவருகிறது. 450 முகங்களில் ஒவ்வொன்றும் சிறியது. கறுப்பு அங்கியும் வெண்ணிறக் கழுத்துத்துணியும் எல்லார்க்கும் பொது. 'ஒத்திருக்கிறார்' என்பதற்கும் 'அவரே' என்பதற்கும் இடையே மிகுந்த தூரம் இருக்கிறது. அத்தூரத்தைக் கடப்பதற்குப் படத்தின் பின்புறக் குறிப்போ, அதைப் பெற்றுக் காத்த குடும்பத்தின் வழியோ, அக்காலத்து வேறோர் உருவப்படமோ வேண்டும்.

ஓவியம் மே 23ஆம் நாளைக் கண்டபடி காட்டுகிறதா என்றால், இல்லை. அன்று மண்டபத்தில் இராதவர்களும் அதில் இடம்பெற்றுள்ளனர். காமிராவோடு ஆடம்சனும் வரைதாளோடு ஹில்லும் அங்கே காணப்படுகின்றனர். அந்நாளில் அம்மண்டபத்தில் எவரும் காமிராவை இயக்கவில்லை. கலோடைப் முறைக்கு அங்கிருந்த வெளிச்சமும் போதாது. 23 ஆண்டுகள் தீட்டப்பட்ட திரை அது. அதற்குள் சால்மர்ஸும் வெல்ஷும் மில்லரும் ஆடம்சனும் மறைந்துவிட்டனர். ஹில் பொய்ச்சான்று பகர்ந்தார் என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. சுயாதீன சபை தன்னைப் பெற்றெடுத்த தலைமுறை முழுவதையும் ஒரே கூரையின்கீழ்க் காண விரும்பியது. ஓவியர் அவ்வாறே கூட்டிவைத்தார். பொதுமக்களிடம் நன்கொடை திரட்டி 1,500 பவுனுக்குச் சபை அதனை வாங்கியது. தாமஸ் ஆனன் அதை நிழற்படமாகப் பிரதிசெய்து பரப்பினார். நினைவுச்சின்னம் என்ற வகையில் அது தன் பணியைச் செவ்வையாகச் செய்தது. பிழை அதை நேர்ச்சாட்சியாகக் கொண்டு கற்பிக்கும் நம்முடையது. கலை என்ற வகையில் நோக்கினும், அந்நெருக்கத்தில் முகங்கள் பட்டியற்பெயர்களாகிவிட்டன என்றே சொல்லவேண்டும். அதே மனிதர் ராக் ஹவுஸ் வெயிலில் தனியே அமர்ந்திருக்கும் சிறு தாளில், தூங்காத இரவுகளும் வீடிழந்த கவலையும் கண்ணோரத்தில் தெரிகின்றன.

படமெடுத்தவர் பெயரே மறைந்துபோனதும் இவ்வரலாற்றில் சேரும். ஆடம்சன் இளமையில் மறைய, ஹில் நெடுங்காலம் வாழ்ந்தமையால், புகழ் முழுவதும் ஹில்லைச் சென்றடைந்தது. 1931இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த ஹைன்ரிக் சுவார்ட்ஸின் நூல் ஹில் ஒருவரையே நிழற்படக் கலையின் ஆசானாகப் போற்றியது. ஆயின், ஆடம்சன் மறைந்தபின் ஹில் ஏறத்தாழ அக்கலையைக் கைவிட்டார். 1860ஐ ஒட்டி மெக்ளாஷன் என்பாரோடு சேர்ந்து மீண்டும் முயன்றபோது வந்த படங்கள் பழையவற்றின் தரத்தை எட்டவில்லை. கைத்திறன் யாருடையது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை. இன்று இருவர் பெயரும் சேர்த்தே சொல்லப்படுகிறது. அது நேர்மையான திருத்தம்.

போதகர்களுக்கு ஓவியத்தின் பெயர்க்குறிப்பு இருந்தது. அதே காமிராவின்முன் நின்ற நியூஹேவன் மீனவருக்கு அத்தகைய குறிப்பேதுமில்லை. எடின்பரோவை அடுத்த இக்கடற்கரையூரில் ஹில்லும் ஆடம்சனும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தனர். ஃபோர்த் கழிமுகத்து மீனவர் ஆண் பெண் இருபாலாரையும் பற்றிய ஒரு தொகுதி வெளிவரும் என 1844இல் விளம்பரமும் செய்தனர், அது வெளிவரவில்லை. கூடை சுமந்து நகருக்கு நடந்து மீன் விற்ற பெண்கள், படகருகே சாய்ந்து நிற்கும் ஆடவர், தூண்டிலுக்கு இரை கோக்கும் கைகள் என அவர்கள் அன்றாட வாழ்வு அப்படங்களில் நிற்கிறது. அவ்வூர்ப் போதகர் ஜேம்ஸ் ஃபேர்பெயர்ன், மீனவர்க்குப் பாதுகாப்பான தளமிட்ட படகுகள் கிடைக்கப் பாடுபட்டவர். அவர் நடுவே அமர்ந்து வாசிக்க, மீனவப் பெண்கள் சூழ்ந்து கேட்கும் படம் 'போதகரின் வருகை' என்று வழங்குகிறது. கேட்போர் பலர், வாசிப்பவர் ஒருவர். தலைப்பு ஒருவருக்கே உரியதாயிற்று.

1931இல் ஜெர்மானியத் திறனாய்வாளர் வால்ட்டர் பெஞ்சமின் நிழற்பட வரலாறு பற்றி எழுதியபோது, நியூஹேவன் மீன்காரி ஒருத்தியின் படத்தை எடுத்துக்கொண்டு, நிலந்தாழ்ந்த அவள் பார்வையில் கலைஞனின் திறமையால் அடக்கிவிட முடியாத ஒன்று இருக்கிறது, அது அங்கே வாழ்ந்தவளின் பெயரைக் கேட்டு நிற்கிறது என்னும் பொருள்பட எழுதினார். அவர் கேட்ட பெயர் இன்று பட்டியலில் இருக்கிறது: எலிசபெத் ஜான்ஸ்டன், மணமானபின் திருமதி ஹால். ஸ்காட்லாந்தில் மணமான பெண்ணின் பிறந்தகப் பெயரும் ஆவணங்களில் சேர்த்தெழுதப்படும் வழக்கம் இதற்குப் பெருந்துணை. சில குடிப்பெயர்களே திரும்பத் திரும்ப வரும் மீனவர் ஊரில், பிறந்தகப் பெயரும் புகுந்தகப் பெயரும் ஒருங்கே கிடைத்தாலன்றி ஒருத்தியை மற்றொருத்தியினின்று பிரித்தறிய இயலாது. சிப்பி உடைக்கும் இன்னொரு பெண்ணும் ஜான்ஸ்டன் குடியிற் பிறந்தவளே. அவள் பார்பரா, திருமதி ஃப்ளக்கர். சுயாதீன சபைத் தலைவர்களின் முகங்களை அறியச் செலவிட்ட உழைப்பில் ஒரு பங்கு இப்பெண்களுக்கும் செலவிடப்பட்டது என்பது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. அவ்வுழைப்பில் முன்நின்றோர் அருங்காட்சியகத்தாரே. திருச்சபை வரலாற்றாசிரியர் அல்லர் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஸ்காட்லாந்து தேசிய உருவப்படக் கூடத்திலுள்ள படங்களுக்கு சாரா ஸ்டீவன்சன் 1981இல் வெளியிட்ட பட்டியல், இத்துறையில் நாம் கைக்கொள்ளத் தக்க முறையைக் காட்டுகிறது. தக்க சான்றில்லாதவிடத்து 1843 முதல் 1847 வரை என்று முழு எல்லையையும் தருவதோடு நின்றுவிடுகிறது. ஆளை அறிய முடியாதவிடத்து 'அறியப்படாத ஆடவர்', 'அறியப்படாத பெண்' என்றே எழுதுகிறது. ஒவ்வொரு போதகர் படத்தின்கீழும் '1843' என்று அச்சிட்டு மகிழும் நம் வழக்கத்திற்கு இது சப்பென்று தோன்றலாம். ஆனால் 'அறியப்படாதவர்' என்று எழுதிய இடத்தில் நாளை ஒருவர் சரியான பெயரை எழுத முடியும். பிழையான பெயர் நிற்கும் இடத்தில் எவரும் தேடமாட்டார்.

நம் ஆலயங்களின் உடைமாற்றும் அறைகளிலும் குருமனைகளிலும் தொங்கும் குழுப்படங்களுக்கும் இம்முறை பொருந்தும். முதியோர் உயிரோடிருக்கையிலேயே அவர்களை அமர்த்தி, ஒவ்வொரு முகமாகக் காட்டிக் கேட்க வேண்டும். படத்தின் பின்புறத்தில் மை கொண்டு எழுதுதல் கூடாது; தனித்தாளில் படத்தைக் கோடாக வரைந்து எண்ணிட்டு, எதிரே பெயரையும், அப்பெயரைச் சொன்னவர் யார், எந்நாளிற் சொன்னார் என்பதையும் குறித்து, அத்தாளைப் படத்தோடு வைக்கவேண்டும். இருவர் இருவேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுக. வரிசையின் கோடியில் நிற்கும் உபதேசியாரையும், கூடை ஏந்திய வேதாகமப் பெண்மணியையும், தரையில் அமர்ந்த பிள்ளைகளையும் விட்டுவிடாமற் கேட்க வேண்டும். நடுநாற்காலியில் அமர்ந்திருப்பவரின் பெயர் எப்படியும் கிடைத்துவிடும்.